டிடிஎஸ் சொல்லுது கிணறு குளிருதுன்னு – நம்பலாமா?

#1 · நீராவிக்குழாய் · திங்கள், காலை 9:14

வணக்கம். ரொம்ப நாளா இந்தத் தளத்துல படிக்கிறதோட சரி, இன்னைக்குத்தான் முதல் பதிவு. தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

புவிவெப்பக் கிணறு ஒண்ணுல ஒளியிழை வழியா வெப்பநிலை அளக்குறோம். ராமன் டிடிஎஸ் (இழை நெடுக ஒவ்வொரு இடத்து வெப்பநிலையையும் அளக்குற கருவி), 1,550 நானோமீட்டர் லேசர். ஆழம் 1,400 மீட்டர். இழை 50/125 மல்டிமோட் (மையம் 50, வெளி விட்டம் 125 மைக்ரோமீட்டர்), பாலிஇமைடு பூச்சு, துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள்ள ஜெல்லோட இருக்கு. மேலே 20 மீட்டர் சுருளைத் தண்ணித் தொட்டியில போட்டு, பக்கத்துல ஒரு பிளாட்டினம் வெப்பமானி வெச்சிருக்கோம். ஒப்பீட்டுக்கு அது மட்டும்தான்.

இறக்கின வாரம் அடிமட்டத்துல 212 டிகிரி. நாலு மாசம் கழிச்சு இப்போ 202. ஒரே நாள்ல விழல, வாரத்துக்கு அரை டிகிரி கணக்குல இறங்கிக்கிட்டே வந்திருக்கு. 700 மீட்டர் வரைக்கும் பழைய கோடும் புதுக் கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படியுது. அதுக்குக் கீழே மெல்ல விலகி, அடியில 10 டிகிரி வித்தியாசம்.

மேலே இருக்கிறவங்க கிணறு குளிருதுன்னே முடிவு பண்ணிட்டாங்க. தண்ணியைத் திருப்பிச் செலுத்துற பக்கத்துக் கிணத்தை நிறுத்தலாமான்னு பேச்சு ஓடுது. எனக்கு மனசு ஒப்பல. நிஜமாவே கிணறு குளிருதா, இல்ல கருவி பொய் சொல்லுதா?


#2 · கனெக்டர் காவலர் · திங்கள், காலை 9:20

கனெக்டரைத் துடைச்சீங்களா?


#3 · நீராவிக்குழாய் · திங்கள், காலை 9:41

துடைச்சேன் சார், ரெண்டு தடவை. ஒண்ணும் மாறல.


#4 · இழைநெசவாளி · திங்கள், பகல் 11:05

கனெக்டர் அழுக்கா இருந்தா தப்பு முதல் மீட்டர்லயே ஆரம்பிச்சிருக்கும், தொட்டிச் சுருளே காட்டிக்கொடுத்திருக்கும். இவருக்கு 700 மீட்டர் வரைக்கும் சுத்தமா இருக்கு. அதனால காவலர் அண்ணன் இந்தத் தடவை கொஞ்சம் ஓய்வெடுக்கலாம்.

தம்பி, ராமன் முறையில என்ன நடக்குதுன்னு ஒரு தடவை நிதானமா பார்த்துடுவோம். லேசர் துடிப்பு கண்ணாடியோட மூலக்கூறு அதிர்வுல பட்டு, துளியூண்டு வெளிச்சம் நிறம் மாறித் திரும்புது. நீள அலைப் பக்கம் வர்றது ஸ்டோக்ஸ். உங்க 1,550 லேசருக்கு அது ஏறக்குறைய 1,663 நானோமீட்டர்ல விழும். குறுகின பக்கம் வர்றது ஆன்டி-ஸ்டோக்ஸ், 1,451 பக்கத்துல. சூடு ஏறினா ஆன்டி-ஸ்டோக்ஸ் வேகமா கூடும். ஒண்ணை இன்னொண்ணால வகுத்தா வெப்பநிலை வந்துடும். துடிப்பு போன நேரத்தை வெச்சு இடம் தெரியும்: 10 நானோ நொடித் துடிப்புன்னா ஒரு மீட்டர்.

ஆனா ரெண்டும் ரெண்டு நிறம். மேலே திரும்பி வர்ற வழியில ரெண்டும் வேற வேற அளவுல தேயும். அந்த வித்தியாசத்தை ஒரு எண்ணா, நிறுவின அன்னைக்குக் கருவிக்குள்ள எழுதி வெச்சிருப்பீங்க. நாலு மாசமா அந்த எண் மாறவே இல்லைன்னு கருவி நம்பிக்கிட்டிருக்கு.

எவ்வளவு மாறினா 10 டிகிரி வரும்? விகிதம் மாறுற வேகம் என்னன்னா, 633-ஐ (கண்ணாடியோட ராமன் நிறமாற்றத்துக்கான மாறிலி) கெல்வின் வெப்பநிலையோட வர்க்கத்தால வகுக்கணும். 211 டிகிரின்னா 484 கெல்வின். ஒரு டிகிரிக்கு 0.27 சதவீதம் வருது. பத்து டிகிரிக்கு 2.7 சதவீதம். டெசிபல்ல சொன்னா 0.12கூட இல்லை! 700 மீட்டர் நீளத்துல ஆன்டி-ஸ்டோக்ஸ் அந்தத் துளி கூடுதலா தேய்ஞ்சா போதும், காகிதத்துல உங்க கிணறு குளிர்ந்துடும்.

என் சந்தேகம் ஹைட்ரஜன் மேல. சூட்டுல எஃகு அரிக்கும்போது ஹைட்ரஜன் பிறக்கும், சில ஜெல்லே சூடானா ஹைட்ரஜன் விடும். அது குழாய்ச் சுவர், பூச்சு எல்லாத்தையும் தாண்டிக் கண்ணாடிக்குள்ள ஊறிடும். ஊறினது அப்படியே மூலக்கூறா இருந்தா 1,240 நானோமீட்டர்ல வெளிச்ச இழப்பு ஒரு கூர்முனையா எழும்பும். அது கண்ணாடியோட வினைபுரிஞ்சு ஹைட்ராக்சில் ஆயிட்டா 1,390-லயும், மையத்துல ஜெர்மானியம் கலந்திருந்தா 1,410 பக்கத்துலயும் ஒரு மேடு எழும்பும். உங்க 50/125-ல ஜெர்மானியம் நிச்சயம் இருக்கும். இப்போ யோசிங்க, 1,410 மேட்டோட சரிவுல யார் நிக்கிறா? 1,451. ஆன்டி-ஸ்டோக்ஸ்தான் அடி வாங்கும், ஸ்டோக்ஸ் தூரத்துல பத்திரமா இருக்கும். ஆன்டி-ஸ்டோக்ஸ் குறைஞ்சா கருவி "குளிர்"னு சொல்லும். திசை பொருந்துது. சூடான பாதியில மட்டும்ங்கிறதும் பொருந்துது.

ஒரே ஒரு கேள்வி. கீழ் முனை எப்படி முடியுது? ஒத்தை இழையா, இல்ல வளைஞ்சு மேலே திரும்புதா?


#5 · பிராக் பித்தன் · திங்கள், பகல் 12:30

இந்த மாதிரிக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒண்ணுதான் தோணும்: ஏன் எஃப்பிஜி (இழைக்குள்ளேயே எழுதின கிரேட்டிங், ஒரு அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும்) போடல? கிரேட்டிங் சொல்ற செய்தி அலைநீளத்துல இருக்கு, வெளிச்சத்தோட அளவுல இல்ல. இழை கருத்துப்போய் வெளிச்சம் பாதியானாலும் உச்சி அதே இடத்துல நிக்கும். 1,550 பக்கத்துல ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 10 பிக்கோமீட்டர் நகரும், கண்ணை மூடிக்கிட்டுப் படிக்கலாம். 1978-ல கனடாவுல கென் ஹில் குழு ஒளியாலேயே கண்ணாடிக்குள்ள கிரேட்டிங் எழுதலாம்னு கண்டுபிடிச்சதுலேர்ந்து இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் எல்லாரும் விகிதத்தை வகுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க.


#6 · இழைநெசவாளி · திங்கள், பகல் 12:52

பித்தரே, அதே கிரேட்டிங் ஒரு மைக்ரோஸ்ட்ரெய்னுக்கு (நீளத்துல பத்து லட்சத்துல ஒரு பங்கு இழுபடுறது) 1.2 பிக்கோமீட்டரும் நகரும். நூறு மைக்ரோஸ்ட்ரெய்ன் இழுபட்டா 12 டிகிரி பொய். 1,400 மீட்டர் கேபிள்ல நூறு மைக்ரோஸ்ட்ரெய்ன் வராம பார்த்துக்க உங்களால முடியுமா? அதோட சாதாரண புறஊதாக் கிரேட்டிங்கை 200 டிகிரியில மாசக்கணக்குல வெச்சா அதுவே கொஞ்சம் கொஞ்சமா அழியும், உச்சியும் நகரும். முன்கூட்டியே சுட்டுப் பதப்படுத்தணும். இவருக்கு வேண்டியது மீட்டருக்கு மீட்டர் கோடு. உங்ககிட்ட இருக்கிறது இருபது புள்ளி.


#7 · பிராக் பித்தன் · திங்கள், பகல் 1:10

ஸ்ட்ரெய்ன் விஷயம் ஒத்துக்கறேன். சண்டைக்கு வந்தவன் என் கதையையும் சொல்லிடறேன். ஒரு நீராவிக் குழாய்மேல எஃப்பிஜி ஒட்டி, குழாய் எவ்வளவு நீளுதுன்னு பார்த்துக்கிட்டிருந்தோம். முதல் வாரம் அருமை. அப்புறம் ஸ்ட்ரெய்ன் தினம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது. குழாய் தளருதுன்னு அழகா ஒரு வரைபடம் போட்டுக் கூட்டத்துல காட்டியும் ஆச்சு. நிறுத்தம் வந்த அன்னைக்கு மேல ஏறிப் பார்த்தேன். பசை தேன் மாதிரி நிறம் மாறியிருந்தது, விரல்நகத்தால தள்ளினா உரிஞ்சு வந்தது. குழாய் தளரவே இல்ல. பசை தன் கண்ணாடிநிலை மாற்ற வெப்பத்தை (இளக ஆரம்பிக்கிற சூட்டை) தாண்டி, இழையை மெல்ல வழுக்க விட்டிருக்கு. கிரேட்டிங் பாவம், தனக்குத் தெரிஞ்ச உண்மையைத்தான் சொல்லியிருக்கு. அதுக்கப்புறம் சூடான இடம்னா பற்றவைக்கிற உலோகப் பட்டைதான், பசை கிடையாது.


#8 · பழைய அளவி · திங்கள், மாலை 4:02

எல்லாரும் இழையைப் பத்தியே பேசுறீங்க. மெமரி கேஜ் (தானே அளந்து பதிவு பண்ணிக்கிற வெப்பமானி) ஒண்ணைக் கம்பியில கட்டிக் கீழே இறக்கிப் பார்த்தாச்சா? அரை நாள் வேலை. வேற ஜாதிக் கருவி ஒண்ணு அதே இடத்துல என்ன சொல்லுதுன்னு கேட்காம, ஒரே சாட்சியை வெச்சுக்கிட்டுக் கிணத்துக்குத் தீர்ப்பு எழுதுறதா?

(நான் தெர்மோகப்பிள் ஆள், அது எல்லாருக்கும் தெரியும். அதுவும் சூட்டுல நகரும்தான். ஆனா வேற மாதிரி நகரும். அதுதான் வேணும்.)


#9 · நீராவிக்குழாய் · திங்கள், மாலை 5:35

எல்லாருக்கும் நன்றி. கேஜ் இறக்க அனுமதி கேட்டிருக்கேன், வாரக் கடைசியில ஆகலாம்.

இழைநெசவாளி அண்ணா, வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். குழாய்க்குள்ள ரெண்டு இழை இருக்கு! அடியில ஒரு சின்ன உறைக்குள்ள வளைச்சுச் சேர்த்திருக்காங்க. ரெண்டாவது முனை மேலே பெட்டிக்குள்ள மூடி போட்டுச் சும்மா கிடக்கு. யாரும் தொட்டதே இல்ல.


#10 · இழைநெசவாளி · திங்கள், மாலை 5:44

அடப்பாவி. பாதி விடை பெட்டிக்குள்ள தூங்குது.

எதையும் கழட்ட வேண்டாம். கருவியில அளக்கும் தூரத்தை 1,500-ல வெட்டி வெச்சிருப்பீங்க, அதை 3,000 ஆக்குங்க. வெளிச்சம் கீழே போய் வளைஞ்சு மேலேயும் வரும். போற இழையும் வர்ற இழையும் ஒரே குழாய்க்குள்ளதான் இருக்கு, அதனால ஒரே ஆழத்துல ரெண்டும் ஒரே வெப்பம் காட்டியாகணும். நடுவுல மடிச்சு ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாருங்க. பொருந்தினா கிணறு குளிருது, நான் வாயை மூடிக்கறேன்.


#11 · ஆய்வுமாணவி · திங்கள், இரவு 8:20

நடுவுல புகுந்து கேட்கிறேன், மன்னிக்கணும். என் ஆய்வு அணு உலைப் பக்கம். அங்கேயும் இழை "கருக்கும்" என்று படித்தேன். அதுவும் ஹைட்ரஜன்தானா? இன்னொன்று, 1,000 டிகிரிக்கு மேல் என்றால் என்ன செய்வார்கள்?


#12 · இழைநெசவாளி · திங்கள், இரவு 9:03

அது வேற கருப்பும்மா. கதிர்வீச்சு கண்ணாடி வலையில குறைகளை உண்டாக்கும், அந்தக் குறைகள் வெளிச்சத்தை விழுங்கும். பாஸ்பரஸ் கலந்த மையம்னா ரொம்ப மோசம். ஆனா அந்த மோசத்தையே பயன்படுத்திக்கிறாங்க: செர்ன் துகள் ஆய்வகத்துல பாஸ்பரஸ் கலந்த இழையை முடுக்கிச் சுரங்கத்துல ஓடவிட்டு, எங்கே எவ்வளவு கருக்குதுன்னு பார்த்துக் கதிர்வீச்சு அளவைக் கணக்கிடுறாங்க. கருக்காம இருக்கணும்னா சுத்த சிலிக்கா மையமோ ஃப்ளூரின் கலந்த மையமோ எடுக்கணும்.

1,000-க்கு மேலன்னா சிலிக்காவே தகராறு பண்ணும், மெல்லப் படிகமாகி நொறுங்க ஆரம்பிக்கும். அங்கே நீலமணி இழை. உருகுநிலை 2,050 டிகிரி பக்கம். ஆனா அதுக்கு நம்ம இழை மாதிரி சரியான உறைப்படலம் கிடையாது, ஏகப்பட்ட மோடுல (பாதையில) வெளிச்சம் ஓடும், வளைக்கவும் பயமா இருக்கும். சில மீட்டருக்கு மேல யோசிக்காதீங்க.


#13 · குழாய்க்காரன் · செவ்வாய், காலை 7:48

கேபிள் சுத்துற வேலைதான் எனக்கு. ஹைட்ரஜன்னு சொல்லி முடிச்சுடாதீங்க, இன்னொரு ஆளும் சந்தேகப் பட்டியல்ல இருக்கான்.

எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 16 மைக்ரோமீட்டர் நீளும். கண்ணாடி அரை மைக்ரோமீட்டர் சொச்சம். 1,400 மீட்டர் குழாய் சராசரியா 100 டிகிரி சூடேறினா 2.2 மீட்டர் நீளும். உள்ளே இருக்கிற இழை 8 சென்டிமீட்டர்தான் நீளும். மிச்சம் எங்கே போகும்? அதுக்குத்தான் குழாயை விட இழையைக் கொஞ்சம் நீளமா, நெளிநெளியா உள்ளே விடுறோம். அந்த உபரி 0.2 சதவீதம்னா மொத்தத்துல 2.8 மீட்டர், கணக்குக்குப் போதும். ஆனா அடிமட்டத்தை மட்டும் தனியாப் பாருங்க. அங்கே ஏத்தம் 180 டிகிரி, வித்தியாசம் 0.28 சதவீதம். அந்த இடத்து உபரி பத்தாது. மேலிருந்து இழை சறுக்கி வரணும், ஜெல் வழி விடணும். விடலைன்னா இழை விறைச்சுக் குழாய்ச் சுவர்ல அழுந்தும், நுண்வளைவு இழப்பு வரும். அதுவும் சூடான பாதியில மட்டும்தான் வரும்!

பூச்சைப் பத்தியும் ஒரு வார்த்தை. 212-க்குப் பாலிஇமைடு சரி, 300 வரைக்கும் தாங்கும். சாதாரண அக்ரிலேட்டுக்கு 85 டிகிரியே எல்லை. அது தெரியாம அக்ரிலேட் கேபிளை நீராவிக் கிணத்துல இறக்கின ஒரு புண்ணியவான் எனக்குத் தெரியும். வெளியே எடுத்தப்போ பழுப்பு நிறத்துல தூள் மட்டும் கொட்டுச்சு. அலுமினியப் பூச்சுன்னா 400, தங்கம்னா 700. தங்கம்னு சொன்னதும் கொள்முதல் ஆட்கள் முகத்தைப் பார்க்கணுமே.


#14 · இழைநெசவாளி · செவ்வாய், காலை 8:15

குழாய்க்காரர் சொல்றது நியாயமான சந்தேகம். ஆனா விறைப்புன்னா சூடேறின முதல் நாளே தெரிஞ்சிருக்கும். இவருக்கு முதல் வாரம் சரியா இருந்து, அப்புறம் வாரத்துக்கு அரை டிகிரியா நகர்ந்திருக்கு. ஊறுற பொருளோட நடை இது.


#15 · குழாய்க்காரன் · செவ்வாய், காலை 8:31

ஜெல் மாசக்கணக்குல கெட்டியாகிறதும் ஊறுற நடைதான். ஓடிடிஆர் (இழை நெடுக வெளிச்ச இழப்பை அளக்குற கருவி) கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்க.


#16 · நீராவிக்குழாய் · செவ்வாய், காலை 10:10

எங்ககிட்ட 850, 1,300 ஓடிடிஆர்தான் இருக்கு. நேத்து ராத்திரியே போட்டுப் பார்த்தேன். பழைய கோட்டுக்கும் இதுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல.


#17 · இழைநெசவாளி · செவ்வாய், காலை 10:22

அது ரெண்டும் திருடன் இல்லாத தெரு தம்பி. 1,240-லயும் 1,400 பக்கத்துலயும்தான் தேடணும். எங்கேயாவது வெள்ளொளி மூலமும் ஒளி நிறமாலைமானியும் இரவல் கிடைக்குமா பாருங்க. உங்களுக்கு வளையம் இருக்கிறதால ஒரு முனையில விட்டு மறுமுனையில பிடிக்கலாம். ஆனா 1,300-ல வித்தியாசம் இல்லைங்கிறது குழாய்க்காரருக்கும் ஒரு செய்தி. நுண்வளைவுன்னா மல்டிமோட்ல அங்கேயும் ஏதாவது தெரிஞ்சிருக்கணும்.


#18 · நீராவிக்குழாய் · செவ்வாய், மாலை 6:50

தூரத்தை 3,000 ஆக்கிட்டேன். முடிவு விநோதமா இருக்கு.

போற வழியில 700 மீட்டர்: 150 டிகிரி. வர்ற வழியில அதே 700 மீட்டர்: 137. பதிமூணு டிகிரி வித்தியாசம்! அப்போ பொய் உறுதிதானே அண்ணா? ஆனா ஒரு குழப்பம். கிணத்து வாய்கிட்ட போற இழை 35 காட்டுது, வர்ற இழை 28. அங்கே வித்தியாசம் ஏழுதான். அடியில 9, 10, நடுவுல 13, மேலே 7. மேலே வர வர இழப்பு குறைய முடியாதே? ஒருவேளை வேற ஏதாவது தப்பா?


#19 · ஆய்வுமாணவி · செவ்வாய், இரவு 7:30

எனக்கும் இது புரியவில்லை. இழப்பு சேர்ந்துகொண்டே போக வேண்டியதுதானே?


#20 · இழைநெசவாளி · செவ்வாய், இரவு 8:05

இழப்பு குறையல. டிகிரியா மாறுற நாணயமாற்று விகிதம்தான் இடத்துக்கு இடம் வேற.

அந்த 633-ஐ வர்க்கத்தால வகுத்தோமே, அதை மூணு இடத்துலயும் போடுங்க. அடியில 484 கெல்வின், ஒரு டிகிரிக்கு 0.27 சதவீதம். 150 டிகிரியில 423 கெல்வின், 0.35. 35 டிகிரியில 308 கெல்வின், 0.67.

அடிமட்டத்துக்கு வந்தப்போ வெளிச்சம் சூடான பகுதியை ஒரு தடவைதான் கடந்திருக்கு. 9 டிகிரி பொய்யின்னு வெச்சா 2.4 சதவீதம். வளைஞ்சு திரும்பி 700-க்கு வந்தப்போ அதே மாதிரி இன்னொரு 700 மீட்டரையும் கடந்தாச்சு, ரெண்டு மடங்கு, 4.9 சதவீதம். அதை 0.35-ஆல வகுத்தா 13, 14. அதுக்கு மேல குளிர்ந்த பகுதி, புது இழப்பு எதுவும் இல்ல, அதே 4.9 சதவீதம்தான் கிணத்து வாய் வரைக்கும் வருது. 0.67-ஆல வகுத்தா ஏழு சொச்சம். உங்க மூணு எண்ணும் ஒரே இழப்பைத்தான் சொல்லுது: சூடான 700 மீட்டரை ஒரு தடவை கடக்க 0.1 டெசிபல் சொச்சம்.

அதுல இன்னொரு கசப்பும் இருக்கு. அதே 0.01 டெசிபல் தவறு அறை வெப்பத்துல 0.3 டிகிரி, உங்க கிணத்தடியில 0.8 டிகிரிக்கு மேல. ஆய்வகத்துல சோதிச்ச துல்லியத்தை விளம்பரத்தாள்ல போட்டிருப்பாங்க, சூட்டுல அது அப்படியே செல்லாது.

கவனிங்க, 9 டிகிரி வெச்சுக் கணக்குப் போட்டாத்தான் பொருந்துது. பத்து போட்டா 700-ல 15 வந்திருக்கணும். அதனால மிச்சம் ஒரு டிகிரி நிஜமாவே குளிர்ந்திருக்கலாம். கிணறு முழுப் பொய்யும் சொல்லல.


#21 · பழைய அளவி · செவ்வாய், இரவு 9:12

கணக்கு அழகு. கேஜ் எங்கே?


#22 · மட்டுறுத்துநர் · புதன், காலை 8:00

ரெண்டு பதிவுல கருவி நிறுவனப் பெயர் போட்டுத் திட்டியிருந்தீங்க, எடுத்துட்டேன். பிரச்சினையைப் பேசுங்க, பெட்டியோட பெயர் வேண்டாம்.


#23 · நீராவிக்குழாய் · வியாழன், மாலை 5:20

ரெண்டு முனையும் கருவியில மாட்டி, ரெண்டு பக்கமிருந்தும் அளக்க முயற்சி பண்ணேன். அசிங்கம். தொட்டிச் சுருளே 4 டிகிரி தள்ளிக் காட்டுது, அடிமட்டம் எகிறிக் குதிக்குது. நேத்து வரைக்கும் நம்பிக்கையா இருந்தேன், இன்னைக்குத் தலை சுத்துது.


#24 · கனெக்டர் காவலர் · வியாழன், மாலை 5:23

ரெண்டாவது முனை நாலு மாசமா பெட்டியில கிடந்ததுன்னு சொன்னீங்களே.

துடைச்சீங்களா?


#25 · நீராவிக்குழாய் · வியாழன், இரவு 7:58

சார், கும்பிடு.

400 மடங்கு ஆய்வுக்கண்ணாடியில பார்த்தேன். மூடி போட்டே இருந்த முனைதான், அதனால சுத்தமா இருக்கும்னு நினைச்சுட்டேன். மூடியோட உள்பக்கப் பிளாஸ்டிக்ல இருந்து கசிஞ்ச எண்ணெய் மாதிரி ஏதோ வட்டமா படிஞ்சிருக்கு, அதுக்கு நடுவுல மையத்தை ஒட்டி ரெண்டு தூசி ஒட்டியிருக்கு. உலர்துணி ஒரு இழுப்பு: எண்ணெய் தேய்ஞ்சு பரவிச்சே தவிரப் போகல. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல நனைச்சு ஒரே திசையில ஒரு இழுப்பு, உடனே உலர்ந்த இடத்துல இன்னொரு இழுப்பு. மறுபடி பார்த்தேன். சாம்பல் வட்டம், நடுவுல மையம், வேற ஒண்ணுமில்ல. கருவிப் பக்கத்து முனையையும் பார்த்தா அதே அழுக்கு அச்சு அசலா ஒட்டியிருக்கு. மாட்டினப்போ நானே அங்கே முத்திரை குத்தியிருக்கேன். அதையும் துடைச்சேன்.

இப்போ அளவு ஓடிக்கிட்டிருக்கு.


#26 · ஆய்வுமாணவி · வியாழன், இரவு 8:40

இரு முனை அளவு எப்படி இழப்பைத் தள்ளிவிடுகிறது? அதன் தருக்கம் மட்டும் யாராவது சொல்லுங்களேன்.


#27 · பிராக் பித்தன் · வியாழன், இரவு 9:15

இதை நான் சொல்றேன், எதிர்க்கட்சியா இருந்தாலும். ஒரு புள்ளியை இந்த முனையிலிருந்து பார்த்தா, அந்தப் புள்ளி வரைக்கும் உள்ள இழப்பு வித்தியாசம் விகிதத்துல சேர்ந்திருக்கும். அந்த முனையிலிருந்து பார்த்தா மிச்ச நீளத்து இழப்பு சேர்ந்திருக்கும். ரெண்டு விகிதத்தையும் பெருக்குங்க. முன்பாதி, பின்பாதி ரெண்டும் கூடி மொத்த வளையத்தோட இழப்பாயிடுது. மொத்தம் எல்லாப் புள்ளிக்கும் ஒண்ணுதான்! அந்த ஒத்தை எண்ணைத் தொட்டிச் சுருள்ல பிடிச்சுட்டா ஆச்சு. இழை எங்கே எப்படிக் கருத்தாலும் கவலையில்ல.

விலையும் இருக்கு: வெளிச்சம் ரெண்டு மடங்கு தூரம் போகணும், அளவுல இரைச்சல் கூடும், அடியில இருக்கிற அந்தக் குட்டி வளைவு உடைஞ்சா எல்லாம் போச்சு.


#28 · நீராவிக்குழாய் · சனி, காலை 11:30

முடிவுகள்.

மெமரி கேஜ், அடிமட்டம்: 211 டிகிரி. டிடிஎஸ் ஒரு முனை: 202. டிடிஎஸ் இரு முனை: 210.

பக்கத்து ஆய்வகத்துல நிறமாலைமானி இரவல் வாங்கி வெள்ளொளி விட்டுப் பார்த்தேன். வந்து சேர்ந்த வெளிச்சத்துல 1,240-ல ஊசி மாதிரி ஒரு பள்ளம். 1,390-க்கும் 1,410-க்கும் நடுவுல அகலமா இன்னொரு பள்ளம், அதோட வலது கரை 1,450 வரைக்கும் நீளுது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

திருப்பிச் செலுத்துற கிணத்தை நிறுத்தல. அந்தக் கோப்பை மேலிடம் அமைதியா மூடிடுச்சு.


#29 · குழாய்க்காரன் · சனி, பகல் 12:05

சரி, தோத்துட்டேன். ஆனா அந்த ஜெல் எது, சூட்டுல ஹைட்ரஜன் விடுமான்னு விசாரிச்சுடுங்க. அடுத்த கேபிள்லயும் அதையே ஊத்தினா மறுபடி இங்கேதான் வந்து நிப்பீங்க.


#30 · நீராவிக்குழாய் · சனி, பகல் 12:40

அடுத்த கேபிளுக்குக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்காங்க. கார்பன் பூச்சு போட்டா ஹைட்ரஜன் உள்ளே வராதுன்னு விற்பனையாளர் சொல்றார். சரியா?


#31 · இழைநெசவாளி · சனி, பகல் 1:25

100 டிகிரியில சரி. 150-ஐத் தாண்டினா கார்பன் படலம் மெல்ல விட ஆரம்பிக்கும். 210-ல அது வேகத்தடை, மதில் இல்ல. போடுங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. முக்கியமா மையத்துல ஜெர்மானியமும் பாஸ்பரஸும் கூடாது. சுத்த சிலிக்கா மையம், சுத்தி ஃப்ளூரின் கலந்து ஒளிவிலகலைக் குறைச்சது. ஹைட்ரஜன் ஊறினாலும் வினைபுரிய ஆள் குறைவு. அப்போ 1,240 முனை வரும், ஆனா அது வந்து போற விருந்தாளி, ஹைட்ரஜன் வெளியேறினா தானே போயிடும். நிரந்தரமா தங்குற அந்த 1,410 மேடு எழும்பாது. வளையம் கட்டாயம். ரெண்டு முனையும் தொட்டிக்குள்ள வரணும்.


#32 · பழைய அளவி · சனி, பகல் 2:10

கேஜ் இறக்குற வழியை அடைக்காம கேபிளைக் கட்டச் சொல்லுங்க. குறிப்புல முதல் வரியா எழுதுங்க.


#33 · நீராவிக்குழாய் · ஞாயிறு, காலை 10:05

எழுதிட்டேன் ஐயா, முதல் வரியாவே.

கடைசியா ஒண்ணு. கடந்த நாலு மாசத்துத் தரவு எல்லாம் ஒரு முனை அளவுதான். இன்னைக்கு 9 டிகிரி தப்புன்னு தெரியும், முதல் நாள் பூஜ்யம். நடுவுல நேர்கோடு போட்டுத் திருத்திடலாமா?


#34 · இழைநெசவாளி · ஞாயிறு, காலை 10:40

ஹைட்ரஜன் நேர்கோட்டுல ஊறும்னு யார் சொன்னா? சூடு, அரிப்பு, கிணத்தைத் திறந்து மூடின நாள் எல்லாத்தையும் பொறுத்து அது மாறும். திருத்திக்கோங்க, ஆனா அதை அளவீடுன்னு சொல்லாதீங்க. அசல் கோட்டை அழிக்காம வெச்சு, திருத்தினதை வேற நிறத்துல வரைங்க.


#35 · நீராவிக்குழாய் · ஞாயிறு, காலை 11:02

சாம்பல் நிறத்துல, புள்ளிக்கோடா வரைஞ்சிருக்கேன். மூல எண்களையும் நிறமாலையையும் கீழே இணைச்சிருக்கேன், 1,240 பள்ளத்தைப் பார்க்க வரைபட அச்சைக் கொஞ்சம் பெரிசாக்கணும்.